இறங்கினேன், குதிக்கல

யம்மா, கைய உள்ள எடு. சொன்னேன்னு கோவிச்சுக்கிடாத. எதிர்ல வாரது கல்லு லாரி, நம்ம பஸ் டிரைவரு வளைவுல உரசிக்கிட்டுதான் போவாரு. ஆங், அப்படி மடியில வச்சுக்கோ. என் தொழிலே அதுதாம்மா. இன்சூரன்ஸ் ஏஜெண்டு. அம்பாசமுத்திரத்துல வந்து காந்திமதின்னு கேட்டுப் பாரு, "பாலிசி காந்திமதியா?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. பயப்படாத, உன்கிட்ட பாலிசி கேக்க மாட்டேன். திருநெல்வேலி வரைக்கும் பேசிட்டு வர ஒரு ஆளு வேணும், அவ்வளவுதான்.

என்ன படிக்க? சைக்காலஜியா? மனசப் பத்திப் படிக்கதா? நல்லதாப் போச்சு. அப்போ நீயே சொல்லு. நல்லா இருக்க மனுசன், வீடு வாசல் இருக்கவன், பென்சன் வாரவன், வேணும்னே போய் ஆபத்துல தலையக் குடுக்கானே, அது ஏன்? யாரும் பிடிச்சுத் தள்ளல. பிழைப்புக்கும் இல்ல. அப்புறம் ஏன் போறான்? இரு, இரு. நான் முதல்ல சொல்லி முடிச்சிடுதேன். பொறவு நீ சொல்லு.

எங்க வீட்டுக்காரரத்தான் சொல்லுதேன். கருவூல ஆபீஸ்ல கணக்கரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அவரு எப்பேர்ப்பட்ட ஆளுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோ. வீட்டப் பூட்டிட்டுத் தெரு முக்கு வரைக்கும் போவோம், "பூட்டினமா காந்தி?"ன்னு திரும்பி வந்து பூட்ட இழுத்துப் பாப்பாரு. தென்னை மரத்துக்கு அடியில நடக்க மாட்டாரு. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தா தொண்டை கட்டும்னு உருகுத வரைக்கும் வச்சிருந்து பாயசம் மாதிரி குடிப்பாரு. ரோட்டக் கடக்கணும்னா ரெண்டு பக்கமும் ஒரு வண்டி கூட இருக்கக் கூடாது. எங்க ஊரு மெயின் ரோட்டுல அது நடக்கிற காரியமா? அந்தப் பக்கம் இருக்க மருந்துக் கடைக்குப் போறதுக்கு ஆட்டோ பிடிச்ச மனுசன் அவரு. சிரிக்காத, நெசமாத்தான்.

எனக்கு அவரக் கட்டினதுல ஒரு வசதி. தொழிலுக்கு எங்கேயும் உதாரணம் தேட வேண்டாம். "எங்க வீட்டுக்காரரு மாதிரி இருங்க"ன்னு போற வீட்டுல எல்லாம் சொல்லுவேன்.

ரிட்டையர் ஆன பொறவு காலையில ஆத்துக்குக் குளிக்கப் போக ஆரம்பிச்சாரு. நல்ல விசயந்தானே, போகட்டும்னு விட்டேன். அவரு கூட்டாளி இசக்கியப்பன்னு ஒருத்தரு. ஒரே ஆபீஸ், பக்கத்துப் பக்கத்து மேசை. ரெண்டு பேரும் சேர்ந்துதான் போவாங்க. இசக்கியப்பன் அண்ணாச்சி எங்க வீட்டுக்காரருக்கும் மேல. சீனி தொட மாட்டாரு, உப்பு தொட மாட்டாரு, வெளிய போனா வெந்நி போத்தல் கையில இருக்கும். ஒருநாள் காலையில வாக்கிங் போறதுக்கு நாற்காலியில உக்காந்து ஷூவுக்குக் கயிறு கட்டிட்டு இருந்திருக்காரு. குனிஞ்சவரு நிமிரல. அப்படியே போயிட்டாரு. ஒரு ஷூ கட்டியிருக்கு, ஒண்ணு கட்டல.

பாவம்தான். ஆனா ஒண்ணு சொல்லணும், அவரு பாலிசி என்கிட்ட போட்டது. க்ளெய்ம் பணத்த நானே அலைஞ்சு திரிஞ்சு வெரசா வாங்கிக் குடுத்தேன். அவரு வீட்டு அக்கா என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அந்த விசயத்துல ஒரு குறையும் கிடையாது. அது கிடக்கட்டும், அதுக்கும் நான் சொல்ல வாரதுக்கும் சம்பந்தம் இல்ல. எதுக்கு அதச் சொன்னேன்? ஆங், ஆத்துக்குக் குளிக்கப் போறது. அதுக்குப் பொறவு இவரு தனியாப் போயிட்டு வந்தாரு.

எங்க ஊரு ஆத்துல கரைய ஒட்டி ஒரு கல் மண்டபம் நிக்கி. பாதி கரையில, பாதி தண்ணியில. அந்தக் காலத்துல சாமி வந்து தீர்த்தமாடுத மண்டபமாம். இப்போ பயலுவ அதுக்கு மேல ஏறித் தண்ணியில குதிப்பானுவ. மண்டபத்துக்கு அந்தாண்ட நல்ல ஆழம். ஆழந்தான், ஆனா பாறை எங்கன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பயலுவளப் பெத்தவங்க பாலிசி போட்டிருக்காங்களான்னுதான் யோசிப்பேன். தொழில் புத்தி.

ஒருநாள் பகவதி டீச்சர் வீட்டுக்குப் பிரிமியம் வாங்கப் போயிருந்தேன். டீச்சர் காப்பியக் கையில குடுத்துட்டு, "உங்க வீட்டுக்காரரு நேத்து என்னமாக் குதிச்சாருங்க!"ன்னா.

"எங்கன?"

"மண்டபத்துல இருந்துதான். பயலுவ கூட அப்படி நேராக் குதிக்க மாட்டானுவ. குச்சி மாதிரி இறங்கினாரு."

"டீச்சர், அது வேற யாராவது இருக்கும். எங்க வீட்டுக்காரரு மாடிப்படியில இறங்கும்போதே கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டுதான் இறங்குவாரு."

"எனக்கு பிரமநாயகம் சாரைத் தெரியாதா அக்கா? குதிச்சு எந்திரிச்சு, கரையில வச்சிருந்த மூக்குக் கண்ணாடிய எடுத்துத் துடைச்சு மாட்டிக்கிட்டுப் போறாரு."

கண்ணாடியத் துடைச்சு மாட்டினாருன்னா அது அவருதான். காப்பிய அப்படியே வச்சிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து பாக்கேன், மனுசன் ஒண்ணும் தெரியாத மாதிரி வாழைப்பழத்துல நார் உரிச்சிட்டு இருக்காரு. கேட்டேன். மறைக்கல. "முதல்ல படியில இருந்துதான் குதிச்சேன் காந்தி"ங்காரு. "பொறவு படிக்கு மேல ஒரு திட்டு இருக்குல்லா, அதுல இருந்து. திட்டுல இருந்து பாத்தா மண்டபம் ஒண்ணும் அவ்வளவு உயரமாத் தெரியல." கேட்டியா பேச்ச? தரையில இருந்து பாத்தா மலை மாதிரி இருக்கு. திட்டுல இருந்து பாத்தா இல்லையாம்!

நான் சத்தம் போடல. சத்தம் போடுதது என் முறை கிடையாது. மனுசங்க மனசுல பயத்த எப்படி உண்டாக்குததுன்னு எனக்குத் தெரியும், அதுலதான் இத்தனை வருசம் சோறு தின்னுட்டு இருக்கேன். பேப்பர்ல வார விபத்துச் செய்தியெல்லாம் வெட்டி வச்சிருப்பேன், வாடிக்கையாளருக்குக் காட்டுததுக்கு. மறுநாள்ல இருந்து இட்லி வைக்கும்போது ஒவ்வொண்ணா வாசிச்சேன். குளத்துல குதிச்சுக் கழுத்து ஒடிஞ்சவன், கிணத்துல குதிச்சு மண்டை பிளந்தவன், அருவியில குதிச்சு ஆளையே காணாம போனவன். ரெண்டு இட்லி தின்னுத மனுசன் அஞ்சு இட்லி தின்னாரு. "அந்தக் கிணறு எவ்வளவு உயரமாம்?"னு கேக்காரு. "தலை முதல்ல விட்டானா, கால் முதல்ல விட்டானா? அதப் போடலியா? என்ன பேப்பர்க்காரன்!"

சரி, இது பலிக்காதுன்னு வேற வழி யோசிச்சேன். மனுசனுக்கு உசுரவிட மானம் பெரிசு. ஆத்துல குளிக்கிற பயலுவகிட்டப் போய் ரகசியமாச் சொன்னேன்: "ஏல, எங்க வீட்டுக்காரரு மேல ஏறினா நீங்க எல்லாரும் கேலி பண்ணணும். 'தாத்தா, வேட்டி பத்திரம்'ன்னு கத்தணும். கூச்சப்பட்டு வந்துருவாரு." தலையத் தலைய ஆட்டினானுவ. அடுத்த நாள் இவரு ஏறியிருக்காரு. அந்த மூதிகளும் கத்தியிருக்கானுவ. ஆனா கேலி இல்ல, விசில்! கைதட்டு! "சார், ஒன்ஸ் மோர்!" இத்தனை வருசம் ஆபீஸ்ல பில்லு பாஸ் பண்ணின மனுசனப் பாத்து ஒருத்தன் விசில் அடிச்சிருப்பானா? அன்னைக்கு நாலு தடவை குதிச்சிட்டு, காதுல தண்ணி போயி, தலையச் சாய்ச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தாரு. மூஞ்சியப் பாத்தா பரிசு வாங்கின பிள்ளை மாதிரி இருக்கு.

அதுக்குப் பொறவு தடுக்கிறத விட்டுட்டேன். எப்படியும் போகத்தான் போறாரு, பாதுகாப்பாப் போகட்டும்னு லாரி ட்யூப் ஒண்ணு வாங்கிக் காத்தடைச்சுக் குடுத்தேன். "இதத் தண்ணியில போட்டுட்டு, பக்கத்துல குதிங்க. மூச்சு வாங்கினா பிடிச்சுக்கலாம்." நல்ல யோசனைதானே? நீயே சொல்லு. ட்யூப் இல்லாதப்போ கரைப் பக்கமாக் குதிச்சிட்டு இருந்த மனுசன், ட்யூப் வந்த பொறவு நட்ட நடு ஆத்தப் பாத்து ஓடி வந்து குதிக்க ஆரம்பிச்சிட்டாரு! கேட்டா, "ட்யூப்தான் இருக்கே காந்தி"ங்காரு. இந்தக் கோட்டித்தனத்துக்கு, இந்தக் கிறுக்குக்கு, உங்க படிப்புல பேரு இருக்கா? இருக்குமா? சரி, பொறவு சொல்லு.

இப்படியே போயிட்டு இருக்கு. ஐப்பசி பிறந்து மேல மலையில மழை. ஒரு சனிக்கிழமை காலையில பகவதி டீச்சர் போன் பண்ணுதா: "அக்கா, ஆத்துல தண்ணி நிறம் மாறிடுச்சு, அணையத் திறந்துட்டாங்க போல. உங்க வீட்டுக்காரரு இப்போதான் மேல ஏறுதாரு." கட்டின சேலையோட, கால்ல செருப்பு கூட இல்லாம ஓடினேன்.

போய்ப் பாத்தா, மண்டபத்து உச்சியில வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நிக்காரு. கீழ தண்ணி டீ மாதிரி ஓடுது. படித்துறை பூராக் கூட்டம். "இறங்குங்க!"ன்னேன். காதுல கை வச்சு, கேக்கலன்னு சைகை காட்டுதாரு. நெசமாவே கேட்டிருக்காது, தண்ணிச் சத்தம். சரி, நானே போய்க் கையப் பிடிச்சு இறக்கிட்டு வந்துருவோம்னு ஏறினேன். அது ஏறுததுக்குப் படி கிடையாது பாத்துக்கோ. தூணுல இருக்க சிற்பத்துல கால வச்சுத்தான் ஏறணும். யாளி வாயில ஒரு காலு, அதுக்கு மேல ஒரு ஆட்டக்காரி இடுப்புல ஒரு காலு, அவ தலைக் கொண்டையப் பிடிச்சுத் தொங்கி, உத்திரத்துல முழங்கை போட்டு... எப்படி ஏறினேன்னு எனக்கே தெரியல. கோவம் ஏத்திவிட்டுச்சு.

மேல போனா, மனுசன் திடுக்கிட்டுட்டாரு. "காந்தி! நீ எதுக்கு வந்த? வழுக்கும், நடுவுல நில்லு, நடுவுல நில்லு!" அவரு என்னப் பாத்துச் சொல்லுதாரு!

"இந்தத் தண்ணியில குதிக்கப் போறீங்களா? உங்களுக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?"

"குதிக்கல. இன்னைக்குத் தண்ணி சரியில்ல. சும்மா பாத்துட்டு இறங்கலாம்னுதான் ஏறினேன்."

"எத்தனை பேரு கீழ நிக்காங்க! ஏன் இப்படிப் பண்ணுதீங்க? நான் என்ன குறை வச்சேன்?"

அவரு கீழ தண்ணியக் காட்டினாரு. பொறவு சொன்னாரு: "இங்கன நின்னு கீழ பாத்தா, அடி வயித்துல ஒண்ணு பிடிக்கும் காந்தி. இசக்கி போன பொறவு எனக்கு எதுவுமே பிடிக்கல. சாப்பிட்டேன், தூங்கினேன், பூட்ட இழுத்துப் பாத்தேன். எதுக்கு இழுத்துப் பாக்கேன்னு விளங்கல. அவனும்தான் எல்லாத்தையும் இழுத்து இழுத்துப் பாத்தான். இங்கன வந்து நின்னப்போதான், அது வயித்துல பிடிச்சப்போதான், 'அட, இருக்கேனே'ன்னு இருந்துச்சு."

நான் உடனே சொல்லிட்டேன், "அது வாயுக் கோளாறு. நேத்தே சொன்னேன் மொச்சை வேண்டாம்னு. வீட்டுக்கு வாங்க, ஓமம் கொதிக்க வச்சுத் தாரேன்."

அவரு என்னையே பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு. என்ன சிரிப்புன்னு தெரியல. "சரி, இறங்குவோம்"ன்னாரு. "நான் முதல்ல இறங்கி உன் காலப் பிடிச்சு வைக்கேன்."

இங்கதான்மா நீ நல்லாக் கவனிக்கணும். ஊர்ல இதத் தப்பாச் சொல்லிட்டுத் திரியுதாங்க. நான் விளிம்புல வந்து அந்தத் தூணப் பாத்தேன். ஏறும்போது கண்ணு மேல இருக்கும், தெரியாது. இறங்கணும்னா பின்பக்கத்தக் கூட்டத்துக்குக் காட்டிக்கிட்டு, சேலையோட, யாளி வாய் எங்கன இருக்குன்னு காலால தடவணும். கீழ நிக்கவங்கள்ல பாதிப் பேரு என் பாலிசிதாரருங்க. நாளைக்கு அவங்க வீட்டுல போய் நான் எப்படி உக்காந்து பேச? சரி, அந்தாண்ட தண்ணியப் பாத்தேன். அம்மா வீட்டுக்குப் பின்னாலயே ஆறு, எனக்கு நீச்சல் தெரியாதா? கல்யாணத்துக்குப் பொறவு முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்கல, அவ்வளவுதான். தண்ணி கலங்கலே தவிர, அந்த இடத்துல சுழி இல்ல. பயலுவ ரெண்டு பேரு ட்யூபோட நிக்கானுவ. தூணு வழியாப் போனா இடுப்பு ஒடியும். தண்ணி வழியாப் போனா சேலை நனையும். எது பாதுகாப்பு? ஆபத்தக் கணக்குப் போடுததுதானே என் தொழிலு?

நான் அப்படி யோசிச்சிட்டு நிக்கும்போது பகவதி டீச்சர் கீழ இருந்து, "பாவம், அக்கா பயந்துட்டாங்க. யாராவது ஏணி கொண்டாங்க"ன்னா.

அதுக்காக இல்லம்மா. அவ சொன்னதுக்கும் நான் இறங்கினதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டேன். சேலையத் தூக்கிச் செருகினேன், மூக்கப் பிடிச்சேன், அந்தப் பக்கமா இறங்கிட்டேன். குதிச்சேன்னு சொல்லுதாங்க. குதிக்கல. இறங்கினேன்.

எப்படி இருந்துச்சுன்னா கேக்க? ஒண்ணுமில்ல. அதுல என்ன இருக்கு? காலுக்குக் கீழ கல்லு இருந்துச்சு, அப்புறம் இல்ல. ஒரு நொடி. அந்த நொடிதான் கொஞ்சம் நீளமாட்டு இருந்துச்சு. காத்து கேட்டுச்சு. வெயிலு தண்ணியில பட்டுத் தெறிச்சது தெரிஞ்சுச்சு. என் கொண்டை அவுந்தது தெரிஞ்சுச்சு. எந்த வீட்டுல பிரிமியம் பாக்கி, எவ எனக்கு வணக்கம் வைக்காமப் போனா, ஒண்ணும் ஞாபகம் இல்ல. அப்புறம் தண்ணி. மேல வந்தப்போ நான் சத்தம் போட்டுச் சிரிச்சேன்னு பயலுவ சொல்லுதானுவ. சிரிக்கல. மூக்குல தண்ணி ஏறினா அப்படித்தான் சத்தம் வரும்.

கரை பூரா விசிலு.

இவரு எப்படி இறங்கினாருன்னு தெரியல. தூணுல முழங்கால் எல்லாம் சிராய்ச்சு, ரத்தம் வடிய, இடுப்பளவு தண்ணியில ஓடி வாராரு. "ஏட்டி, உனக்கு என்னவாவது ஆச்சுன்னா?"ன்னு கேட்டுக்கிட்டே என் தலையத் துவட்டுதாரு. தலையா மூஞ்சியான்னு கூடத் தெரியாம முகத்துல போட்டுத் தேய்க்காரு. அன்னையில இருந்து மனுசன் மண்டபத்துல ஏறல! பாத்தியா? பேப்பர் வாசிச்சு நடக்கல, கேலி பண்ணி நடக்கல, ட்யூப் குடுத்து நடக்கல. நான் ஒரே ஒரு தடவை இறங்கிக் காட்டினேன், குணமாயிட்டாரு.

ஆனா மருந்து ஒரு வேளை குடுத்தாப் போதுமா? தொடர்ந்து குடுக்கணும்லா. நான் நிறுத்தினா இவரு திரும்ப ஆரம்பிச்சிருவாரு. அதனால ஆறு தெளிஞ்ச பொறவு சனிக்கிழமை சனிக்கிழமை போறேன். இவரு கரையில துண்டோட நிப்பாரு. "வேண்டாம் காந்தி, இன்னைக்கு ஒருநாள் விட்டுரு"ம்பாரு. அந்தக் குரலக் கேட்டா எனக்கு நிம்மதியா இருக்கும், மனுசனுக்குப் பயம் திரும்பி வந்துட்டுன்னு. இப்போ பகவதி டீச்சரும் வாரா. திட்டுல இருந்துதான் குதிக்கா, பயந்தாங்கொள்ளி. சேலை சரிப்படாதுன்னு எனக்குச் சுடிதார் தைச்சாச்சு. அப்பப்போ ஞாயித்துக்கிழமையும் போறதுண்டு. அதுவும் அவருக்காகத்தான்.

இப்போ கேளு, அவரு எனக்குப் பண்ணின துரோகத்த.

போன மாசம் வீட்டுக்கு எட்வின் வாரான். அவனும் ஏஜெண்டு, பஸ் ஸ்டாண்டு எதுக்கால ஆபீஸ் போட்டிருக்கான். எனக்கும் அவனுக்கும் ஆகாது. நான் பேசி முடிச்ச வீட்டுல பின்னாலயே போய்ப் பாலிசி போட்டுட்டு வாரவன். அவன் பையத் திறந்துக்கிட்டே, "அக்கா, ஒரு கையெழுத்து வேணும். சார் உங்க பேர்ல ஒரு பாலிசி கேட்டிருக்காங்க"ங்கான்.

ஏஜெண்டோட புருசன், இன்னொரு ஏஜெண்டுகிட்டப் போய், பொண்டாட்டிக்குப் பாலிசி போடுதானா! ஊரு என்ன சொல்லும்? சமையக்காரன் வீட்டுக்கு ஓட்டல்ல இருந்து சோறு வந்த மாதிரில்லா ஆயிடுச்சு!

எட்வின் பயந்துக்கிட்டே ஒவ்வொண்ணாக் கேக்கான். சீனி இருக்கா, பிரஷர் இருக்கா. பொறவு தொண்டையச் செருமிட்டு, "அக்கா, உசுருக்கு ஆபத்தான பொழுதுபோக்கு ஏதாவது உண்டா?"ன்னான்.

"கிடையாது."

"அக்கா... போன சனிக்கிழமை நான் படித்துறையிலதான் இருந்தேன்."

"இருந்தா? நான் இறங்கினதப் பாத்திருப்ப."

அவன் இவரப் பாத்தான். இவரு கூரையப் பாத்தாரு. நான் எட்வின வெளிய நிக்கச் சொல்லிட்டு, இவரு முன்னால போய் நின்னேன். "எதுக்கு இப்படி என் மானத்த வாங்குனீங்க? பாலிசி வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?"

"உன்கிட்ட எப்படிக் கேக்க? ஏன்னு கேப்ப."

"ஏன்?"

மனுசன் வாயத் திறந்தாரு. "உனக்கு ஒண்ணு ஆனா..."ன்னாரு. அதுக்கு மேல வரல. துண்ட எடுத்துத் தோள்ல போட்டாரு, எடுத்தாரு, திரும்பப் போட்டாரு.

பாரும்மா, அந்த வார்த்தைய நான் எத்தனை வீட்டுல சொல்லியிருப்பேன். 'உங்களுக்கு ஒண்ணு ஆனா இந்தப் பிள்ளைங்க கதி? உங்களுக்கு ஒண்ணு ஆனா அக்கா என்ன பண்ணுவாங்க?' சொல்லிட்டு, அவங்க முகம் மாறுத வரைக்கும் பேசாம இருக்கணும். அதுதான் தொழிலு. இத்தனை வருசத்துல என்னப் பாத்து ஒருத்தர் அதச் சொன்னது கிடையாது. சொன்னா அடி வயித்துல ஒண்ணு பிடிக்குது. நான் அன்னைக்கு மொச்சை கூடத் திங்கல.

நான் என்ன பண்ணினேன்? எட்வினுக்குக் காப்பி குடுத்து அனுப்பிட்டேன். அவனுக்குக் கமிசன் போக விடுவேனா? என் பேர்ல, என் ஏஜென்சியிலயே நானே பாலிசி போட்டேன். நாமினி அவருதான், எனக்கு ஒண்ணு ஆனா பணம் அவருக்கு. பத்திரம் வந்த அன்னைக்கு அவரு அத வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால வச்சுட்டு, "இனிமே ஆத்துக்குப் போக மாட்டல்ல காந்தி?"ன்னு கேக்காரு.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பாலிசி எதுக்குப் போடுதது? பயம் இல்லாம இருக்கதுக்குத்தானே? இத்தனை வருசம் என் கூடக் குடும்பம் நடத்தி இது கூடத் தெரியல பாரு. பாலிசி இல்லாதப்போ மூக்கப் பிடிச்சுக்கிட்டு, கால முதல்ல விட்டு, கிழவி மாதிரி இறங்கிட்டு இருந்தேன். போன சனிக்கிழமை நேரா மேல ஏறி, விளிம்புக்கு வந்து, ரெண்டு கையையும் தலைக்கு மேல கூப்பினேன். இவரு கரையில இருந்து, "காந்தி! தலைகீழா வேண்டாம்! காந்தி!"ன்னு கத்துதாரு.

"பயப்படாதீங்க! நாமினி நீங்கதான்!"னு மேல இருந்து ஒரு சத்தம் போட்டுட்டு, தலைய முதல்ல விட்டேன்.

நல்லா விழுந்துச்சு. ஊசி மாதிரி. தண்ணிக்குள்ள போயி, திரும்பி, தலைய வெளிய எடுத்துப் பாக்கேன். பயலுவ விசில் அடிக்கானுவ. டீச்சர் கை தட்டுதா. இவரு மட்டும் படியில உக்காந்து, என்னத் துவட்டக் கொண்டு வந்த துண்டால தன் மூஞ்சியத் துடைச்சிட்டு இருக்காரு. நனைஞ்சது நானு. அவரு எதுக்குத் துடைக்காருன்னு எனக்கு இன்னும் விளங்கல.